விடுதிச்சாலைக்கு வேண்டுவது யாது?

யூபிலி நினைவாக விடுதிச்சாலைக்கு மேல்மாடி ஒன்று எழுப்புதல் வேண்டுமெனப் பழைய மாணவர் பலர் விழைகின்றனர். நன்று. ஆயினும், அம்மாடியில் உறையப்போகும் பிள்ளைகள் தம் மனத்துள்ளதை யாரிடம் உரைப்பர்?

1996ஆம் ஆண்டு கிளிநொச்சி நகரத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது நாம் பதினாறு வயதினேம். அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி முதலிய ஊர்களிலே மரநிழலிலும் ஓலைக் கொட்டில்களிலும் வகுப்புகள் நடந்தன. மாணவர் அறுவர் ஒரு கொட்டிலில் உறைந்தோம். மண்ணெண்ணெய் அரும்பொருளாய் இருந்த காலம் அது. ஜாம் போத்தலுள் பஞ்சிட்டுச் சிறிது எண்ணெய் வார்த்த விளக்கொன்றே அறுவருக்கும் ஒளி. அது அணைந்தபின் படித்தல் இயலாது, பேசுதல் இயலும். கணிதம் விளங்கவில்லை என்றான் ஒருவன். தந்தையிடமிருந்து இரண்டு மாதமாய்ச் செய்தியில்லை என்றான் மற்றொருவன். பரீட்சையில் தவறினால் யாது செய்வேன் என்று அழுதவன் இன்று பொறியியலாளன். எவரிடமும் விடை இருந்ததில்லை. "எனக்கும் அப்படித்தானடா" என்ற மறுமொழியே எம்மை மறுநாள் வகுப்புக்கு எழுப்பிற்று.

இக்காலப் பிள்ளைகளுக்கு மின்விளக்கு உண்டு, வேளைக்கு உணவு உண்டு, குறை யாது என்பாருளர். இன்று எம் வகுப்புகளில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் 2009க்குப் பின் பிறந்தோர். போரை அவர் கண்டிலர். போர் கண்ட வீடுகளில் வளர்ந்தனர். முல்லைத்தீவுக் கரையிலிருந்து வரும் பிள்ளையின் வீட்டிலே, எவரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர் ஒன்று இருத்தல் கூடும்.

நாமும் பிழை செய்தோம். விடுதிப் பொறுப்பிலிருந்த காலத்தே, மாணவர் ஒவ்வொருவரும் தாம் யாதாக விரும்புகின்றனர் என்பதைத் தாளில் எழுதிக் கட்டிலின்மேல் ஒட்டுதல் வேண்டுமென விதித்தோம். மருத்துவர், பொறியியலாளர் எனச் சுவர் நிறைந்தது. ஒருவன் வெறுந்தாளை ஒட்டினான். குறும்பெனக் கருதிக் கடிந்தோம். தவணை முடிவில் வீடு சென்றவன் மீளவில்லை. அத்தாளே அவனுடைய உண்மையான விடை என்பதை உணர எமக்கு ஆண்டுகள் சென்றன.

ஆதலின், மாடிக்குச் சேரும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, விடுதியிலேயே தங்கும் மூத்தோர் ஒருவரை அமர்த்துக. இரவுணவின் பின் அரைமணி நேரம், புத்தகத்தை மூடிவைத்து, மூத்த மாணவரும் இளையோரும் ஒருங்கே அமரட்டும். உயிருக்கு ஊறு நேருமெனத் தோன்றினாலன்றி, அங்கு பேசியது ஆசிரியர் அறைக்கு வரலாகாது. தேவாரம் ஓதும் நேரம் குறையுமென எவரும் அஞ்சற்க. குறைய வேண்டுவது மாலை ரியூசன். பழைய மாணவரும் திங்களொருமுறை வந்து, தாம் வென்ற கதையை விடுத்துத் தடுமாறிய கதையைச் சொல்லலாம்.

கொட்டிலில் அழுத எம் தோழரை முதலில் அழைத்துள்ளோம். வர இசைந்துள்ளார்.