உழைப்பு வேண்டும், உழைப்பாளி வேண்டாமா?

நகரங்களில் மேம்பாலங்களையும் அடுக்குமாடிகளையும் எழுப்பும் புலம்பெயர் தொழிலாளர்களில் பலருக்கு அந்நகரங்களில் குடும்ப அட்டையும் இல்லை, வாக்குரிமையும் இல்லை. வேலை இருக்கும் வரை நகரம் அவர்களை ஏற்கிறது. விபத்தோ நோயோ வேலையிழப்போ நேர்ந்தால் சொந்த ஊருக்குப் போகச் சொல்கிறது. அவர்களுடைய துயர்துடைப்புக்கு எந்த உள்ளாட்சி பொறுப்பு என்ற கேள்வி இன்றும் தீர்க்கப்படவில்லை.

முதலாளித்துவ வரலாற்றில் இது புதிதல்ல. இங்கிலாந்தின் 1601ஆம் ஆண்டுச் சட்டம் ஏழைகளைக் காக்கும் பொறுப்பை அந்தந்த ஊரின் திருச்சபை வட்டத்திடம் ஒப்படைத்தது. 1662ஆம் ஆண்டுச் சட்டமோ, நிவாரணம் கேட்கக்கூடும் எனக் கருதப்பட்ட புதியவர் மீது 40 நாட்களுக்குள் புகார் அளித்து, அவரைப் பழைய ஊருக்கே திருப்பியனுப்ப வழிசெய்தது. உழைப்பின் பயன் ஓர் ஊருக்கு, வறுமையின் செலவு வேறோர் ஊருக்கு என்பதே அதன் சாரம்.

இந்தியாவில் 74ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் 12ஆவது அட்டவணையில் நகர்ப்புற வறுமை ஒழிப்பும் நலிந்த பிரிவினரின் நலன் காப்பதும் இடம்பெற்றுள்ளன. ஆனால் இந்த அதிகாரங்களை மாநில சட்டமன்றங்கள் உள்ளாட்சிகளுக்கு வழங்கலாம் என்றுதான் திருத்தம் கூறுகிறது. வழங்கியே தீர வேண்டும் என்று கூறவில்லை. 2020 மார்ச் 24 இரவு நான்கு மணி நேர அவகாசத்தில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது இந்த இடைவெளியின் விலையை நெடுஞ்சாலைகளில் நடந்தவர்கள் கொடுத்தார்கள். ஐந்து புலம்பெயர் தொழிலாளர்கள் இருந்தாலே பொருந்திய 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்பை, அதே 2020இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த தொகுப்பு பத்தாக உயர்த்தியது. சமுதாயச் சமையற்கூடங்களை நடத்துமாறு 2021 ஜூன் 29இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவும் பெருந்தொற்றுக் காலத்துக்கு மட்டுமே உரியது.

பணம் இல்லை என்ற வாதம் நிற்காது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த நல வரி, கட்டுமானச் செலவில் 1 விழுக்காடாக வசூலிக்கப்படுகிறது. பல இடங்களில் கட்டட வரைபட அனுமதியின்போது அதை வசூலிப்பதே நகராட்சிதான். அந்தத் தொகை மாநில நல வாரியத்துக்குச் செல்கிறது. ஓராண்டில் 90 நாள் வேலை செய்ததைக் காட்டிப் பதிவுசெய்தவருக்கே பயன் கிடைக்கிறது. ஒப்பந்ததாரர் சான்று தர மறுத்தால், கட்டடத்தைக் கட்டியவருக்கு அந்த நிதியில் பங்கில்லை.

மாற்று வழி கேரளத்தில் தெரிந்தது. ஊரடங்கின்போது அங்கு உள்ளாட்சிகள் குடும்பஸ்ரீயுடன் இணைந்து சமுதாயச் சமையற்கூடங்களை நடத்தின. 'அதிதித் தொழிலாளர்'களுக்கும் உணவு சென்றது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் உள்ளாட்சிகளுக்கு நிதியும் அதிகாரமும் அளித்திருந்ததால்தான் அது இயன்றது. நிதியின்றிப் பொறுப்பை மட்டும் சுமத்துவது ஏமாற்று வேலை.

வெளியூரார் உள்ளூராரின் பங்கைப் பறிக்கிறார்கள் என்ற கூச்சல் எல்லா மாநிலங்களிலும் எழுகிறது. 1960களில் மும்பையில் சிவசேனை இதே கூச்சலைத் தமிழர்கள் உள்ளிட்ட தென்னிந்தியர்களுக்கு எதிராக எழுப்பியது. அதனால் பயனடைந்தவர்கள் மராத்தியத் தொழிலாளர்கள் அல்லர்; ஆலை முதலாளிகளே.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. வேலை செய்யும் வட்டத்திலேயே தொழிலாளரைப் பதிவுசெய்யும் கடமை உள்ளாட்சிக்குச் சட்டப்படி வேண்டும். குடும்ப அட்டை இல்லாதவருக்கும் உணவு, தங்குமிடம், சிகிச்சை உறுதியாக வேண்டும். நல வரியில் ஒரு பகுதி வசூலித்த உள்ளாட்சியிடமே இருக்க வேண்டும். இவற்றை மாமன்றங்களில் எழுப்புவது கட்சி உறுப்பினர்களின் கடமை. புலம்பெயர் தொழிலாளரைச் சங்கத்தில் சேர்ப்பது கிளைகளின் கடமை. அவர்கள் அமைப்பாகாத வரை எந்தச் சட்டமும் காகிதத்திலேயே கிடக்கும்.