சதை வளர்க்க ஊசியா? வாலிபர்களை மயக்கும் “ஐ.ஜி.எப்.” மருந்தின் உண்மைக் கதை

கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்துக்கு மேற்கே, திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் இருக்கிறது வேப்பூர். வெள்ளிக்கிழமைதோறும் அங்கே ஆட்டுச் சந்தை கூடும். ஆடு வாங்க வருகிறவர் அதன் வயிற்றைப் பார்த்து விலை பேசமாட்டார். முதுகைத் தடவிப் பார்ப்பார். தொடையை அழுத்திப் பார்ப்பார். நிஜச் சதையா, வெறும் உப்பலா என்று தெரிந்த பிறகுதான் மடியிலிருந்து பணத்தை எடுப்பார்.

ஆடு வாங்குவதில் இருக்கும் இந்த எச்சரிக்கை, பிள்ளைகளின் உடம்பு விஷயத்தில் இல்லாமல் போகலாமா?

இப்போது சிற்றூர்களில்கூட “ஜிம்” என்னும் தேகப்பயிற்சிக் கூடங்கள் வந்துவிட்டன. போலீஸ் வேலைக்கும் பட்டாளத்துக்கும் தயாராகும் வாலிபர்கள் அங்கே போகிறார்கள். நல்ல விஷயந்தான். ஆனால், “ஊசி போட்டால் சீக்கிரம் சதை ஏறும்” என்ற பேச்சும் கூடவே கிளம்பியிருக்கிறது. அப்படிப் பேசப்படும் மருந்துகளில் ஒன்று “ஐ.ஜி.எப்.” அதில் பல ரகம் உண்டு, எது உசத்தி என்று விவாதமும் நடக்கிறது. அது என்ன மருந்து? பார்ப்போம்.

உடம்பே செய்யும் மருந்து

ஐ.ஜி.எப். என்றால், “இன்சுலினைப் போன்ற வளர்ச்சிப் பொருள்” என்று அர்த்தம். இது நம் எல்லோருடைய ரத்தத்திலும் இருக்கிறது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி உண்டு. அது வளர்ச்சி நீரைச் சுரக்கிறது. அந்த நீர் கல்லீரலுக்குப் போய், “ஐ.ஜி.எப். செய்” என்று கட்டளை இடுகிறது. குழந்தை வளர்வதற்கும், எலும்பு நீள்வதற்கும், சதை தேறுவதற்கும் இந்தப் பொருள் வேண்டும்.

1957-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் சால்மன், டாகடே இருவரும் இப்படி ஒன்று இருப்பதைக் கண்டார்கள். 1978-ல் அதன் அமைப்பு முழுவதும் தெரிந்தது. 70 மணிகள் கோத்த மாலை போன்றது அது. ஒவ்வொரு மணியும் ஓர் அமினோ அமிலம். இன்சுலினும் இதே ஜாதி மாலைதான். அதனால்தான் இந்தப் பெயர்.

நாலு ரகம்

முதல் ரகம், உடம்பில் உள்ளதைப் போலவே 70 மணி கொண்டது. “மெகாசெர்மின்” என்ற பெயரில் 2005-ல் அமெரிக்க அரசு இதை மருந்தாக அனுமதித்தது. யாருக்கு? பிறவியிலேயே இந்தப் பொருள் சுரக்காமல் வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு. டாக்டர் மேற்பார்வையில், சாப்பாட்டை ஒட்டித்தான் போடவேண்டும்.

இரண்டாவது, “எல்.ஆர்.3.” இதில் ஒரு மணியை மாற்றி, 13 மணிகளைக் கூட்டிச் சேர்த்திருக்கிறார்கள். மொத்தம் 83. நம் ரத்தத்தில் ஐ.ஜி.எப்.-ஐக் கட்டிப் பிடித்து, அளவோடு விடும் காவல் புரதங்கள் ஆறு வகை உண்டு. எல்.ஆர்.3 அந்தக் காவலுக்கு எளிதில் பிடிபடாது. சோதனைச்சாலையில் கண்ணாடிப் பாத்திரத்தில் உயிரணுக்களை வளர்ப்பதற்குப் பயன்படும் சரக்கு இது.

மூன்றாவது, “டெஸ்.” முதல் மூன்று மணிகளை அறுத்துவிட்டது. மிச்சம் 67. இதுவும் காவலுக்கு அடங்காது.

நாலாவது, “எம்.ஜி.எப்.” பளு தூக்கிச் சதை நொந்தால், அதைச் செப்பனிட அந்தச் சதையே உண்டாக்கும் ரகம் இது. இதன் ஒரு துண்டைச் செயற்கையாகச் செய்து சீசாவில் விற்கிறார்கள்.

இந்த நாலில், மனிதருக்கு மருந்தாக அனுமதி பெற்றது முதல் ரகம் ஒன்றுதான். மற்ற மூன்றும் எந்த நாட்டிலும் சதை வளர்க்கும் மருந்தாக அனுமதி பெறவில்லை. “ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர் உபயோகத்துக்கு அல்ல” என்று சீசாவிலேயே அச்சடித்து விற்பதும் உண்டு. ஆகவே, “இதில் எது உசத்தி?” என்ற விவாதமே வீண்.

சதை ஏறுமா?

இங்கிலாந்தில் விளையாட்டுப் பழக்கம் உள்ள ஆண்கள், பெண்கள் 56 பேரை வைத்து ஒரு பரீட்சை நடந்தது. முடிவு 2015-ல் வெளிவந்தது. சிலருக்கு 28 நாள் ஐ.ஜி.எப். ஊசி, மற்றவர்களுக்கு வெறும் ஊசி. மருந்து ஊசி போட்டவர்களுக்கு மூச்சுத் திறன் சற்றுக் கூடியது. ஆனால் உடலமைப்பில் மாறுதல் இல்லை. சதை கூடவில்லை, கொழுப்பும் குறையவில்லை!

“ஊசிதானே வேண்டாம்? வாயில் தெளிக்கலாமே!” என்று மான் கொம்புச் சாறு விற்றவர்களும் உண்டு. பிஜித் தீவில் பிறந்த இந்திய வம்சாவளிக் கோல்ப் வீரர் விஜய் சிங், அதைத் தெளித்துக்கொண்டதாக 2013-ல் ஒப்புக்கொண்டார். உலகமெங்கும் பரபரப்பு! கடைசியில் அவர் மீதான நடவடிக்கை கைவிடப்பட்டது. ஐ.ஜி.எப். ஒரு புரதம். வாய்வழியாக உள்ளே போனால், பருப்பும் முட்டையும் செரிப்பதுபோல் அதுவும் செரித்துப் போகும்.

ஆபத்து என்ன?

இன்சுலினுக்குச் சொந்தக்காரன் அல்லவா? ரத்தத்தில் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், கண் இருளும், நினைவு தப்பும். நினைவு இருக்கும்போதே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, 108-ஐக் கூப்பிட வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

இன்னொன்று. வளர்ச்சிப் பொருளுக்கு நல்லது கெட்டது தெரியாது. சதையை வளர்ப்பதுபோல் கட்டியையும் வளர்க்கக்கூடும். தென் அமெரிக்காவில் ஈக்வடார் நாட்டில், பிறவியிலேயே ஐ.ஜி.எப். மிகக் குறைவாக உள்ள குள்ளமான மக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புற்றுநோய் வருவது மிக அபூர்வம் என்று 2011-ல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். குறைவாக இருப்பவருக்கு அந்நோய் அபூர்வம் என்றால், வேண்டுமென்றே அதிகமாக ஏற்றிக்கொள்வது புத்திசாலித்தனமா?

பதக்கமும் போகும்

உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு, ஐ.ஜி.எப். ரகம் எல்லாவற்றையும் தடை செய்திருக்கிறது. நம் நாட்டில் 2022-ல் ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டமே வந்தது. இருந்தும், 2023-ல் இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 213-ல் தடை மருந்து காணப்பட்டது. இது பெருமைப்படும் கணக்கல்ல.

திருச்சி முடிகண்டம் கிராமத்துக் கோமதி மாரிமுத்துவை மறக்க முடியுமா? 2019-ல் தோஹாவில், ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓடித் தங்கம் வாங்கினார். தமிழ்நாடே கொண்டாடியது. பிறகு நாண்ட்ரோலோன் என்னும் வேறொரு தடை மருந்து சோதனையில் தென்பட்டது. தாம் அப்படி எதுவும் எடுத்ததில்லை என்றார் அவர். ஆனாலும் பதக்கம் போயிற்று. நாலு வருஷத் தடையும் விழுந்தது. ஏழை வீட்டுப் பெண்ணின் பல வருஷ உழைப்பு ஒரே சோதனையில் கரைந்தது. உடம்புக்குள் என்ன போகிறது என்பதில் எத்தனை கவனம் வேண்டும் என்பதற்கு இது பாடம்.

வழி என்ன?

போலீஸ் வேலைக்குப் போகும் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓடவேண்டும். கயிறு ஏறவேண்டும். கையின் பருமனை அங்கே யாரும் அளப்பதில்லை.

உடம்பில் சுரக்கும் ஐ.ஜி.எப்.-க்கு வேண்டியதைச் செய்தாலே போதும். பட்டினி கிடந்தால் அது குறையும். வயிறாரச் சாப்பிட்டால் தேறும். பருப்பு, முட்டை, பால், கடலை, மீன் எல்லாம் உதவும். வளர்ச்சி நீர் ஆழ்ந்த தூக்கத்தில்தான் அதிகம் சுரக்கிறது. நள்ளிரவுவரை கைப்பேசி பார்ப்பவனுக்குத் தண்டால் எடுத்தும் பலன் குறைவு.

பெற்றோர்களே! பையன் அறையில் சிறு மருந்துச் சீசாவும் ஊசியும் கண்டால் அடிக்காதீர்கள். உட்கார வைத்துக் கேளுங்கள். சீசாவையும் எடுத்துக்கொண்டு, அவனையும் அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளியைக் கேட்டுப் பாருங்கள். பச்சை மண் பொம்மையை நன்றாகக் காயவிட்டுத்தான் சூளையில் வைப்பார். அவசரப்பட்டு வைத்தால் வெடித்துப்போகும். வெடித்த பொம்மைக்குப் பதில் வேறு பொம்மை செய்துகொள்ளலாம். பிள்ளையின் உடம்பு போனால் வேறு கிடைக்காது.