பரிமாறியவர்க்கு உரியது

உணவு விடுதியில் உண்டு முடித்துச் சிட்டை மேசைக்கு வந்ததும் நம்மவரிடையே ஒரு தயக்கம் தோன்றுவதை யாவரும் கண்டிருப்பர். ஒருவர் சட்டைப்பையிற் கிடக்கும் சில்லறையைத் துழாவுவார். இன்னொருவர் அருகிலிருப்பவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பார். வேறொருவர் நண்பர் முன்னிலையில் தம் பெருமை விளங்கப் பெருந்தாளொன்றை எடுத்து வைப்பார். முதல்வரைச் சில்லறையும், இரண்டாமவரை அயலாரும், மூன்றாமவரைப் பெருமையும் நடத்துகின்றன. பரிமாறியவரின் உழைப்பை அளவாகக் கொண்டவர் இம்மூவருள் ஒருவரும் இலர்.

நம் கல்லூரியின் யூபிலியை ஒட்டிப் பழைய மாணவர் பலர் ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் வந்து கூடுகின்றனர். ஒரே வகுப்பில் இருந்தோர் ஊரிலும் கொழும்பிலும் ஒன்றாக அமர்ந்து உண்கின்றனர். அவரவர் தாம் வாழும் நாட்டு வழக்கையே இங்கும் கைக்கொள்ளுதலின், ஒருவர் நூற்றுக்கு 20 வீதம் கொடுக்க, மற்றொருவர் ஒன்றுங் கொடாது எழுகின்றார். ஆதலின் இப்பொருள் பற்றிச் சில கூறுதல் இம்மலருக்குப் பொருந்துவதேயாம்.

முதலிற் சொல்லை நோக்குவோம். இக்கொடையை ஆங்கில வழியாக ‘ரிப்ஸ்’ என்கிறோம். பேச்சு வழக்கிற் ‘சந்தோஷம்’ என்பதும் உண்டு. பின்னையது இனிய சொல்லே. எனினும் அலுவலகத்திற் கோவையை நகர்த்துவதற்குக் கொடுக்கும் கைக்கூலியும் இதே பெயரைப் போர்த்துக்கொண்டு உலவுகின்றது. நமக்கு உரிமையாக வரவேண்டியதைப் பெறும்பொருட்டுக் காரியத்துக்கு முன்னே கொடுப்பது கைக்கூலி. காரியம் செவ்வனே முடிந்தபின் கைம்மாறு வேண்டாது கொடுப்பது நன்றிக்கொடை. இந்நன்றிக்கொடையை ஈகை என்றலும் பொருந்தாது. வள்ளுவர் ஒப்புரவறிதல் என ஓர் அதிகாரமும் ஈகை என வேறோர் அதிகாரமும் வகுத்தார். ஈகை வறியவர்க்குக் கொடுப்பது. ஒப்புரவு உலகநடை அறிந்து உடன்வாழ்வோர்க்குச் செய்வது. பரிமாறுபவர் நம்மிடம் இரப்பவர் அல்லர், உழைப்பவர். ஆகவே அவர்க்குக் கொடுப்பதை ஒப்புரவின்பாற் படுத்துவதே முறை.

ஈண்டு ஒரு தடை எழும். “தொழிலாளிக்குக் கூலி கொடுப்பது முதலாளியின் கடன், உண்டவன் ஏன் கொடுக்கவேண்டும்?” என்பர். இத்தடை வலியது. அமெரிக்க ஐக்கிய நாட்டிலே ரிப்ஸ் பெறும் தொழிலாளர்க்கு முதலாளி கையாற் கொடுக்கவேண்டிய குறைந்த கூலி, கூட்டாட்சிச் சட்டப்படி மணிக்கு 2 டொலர் 13 சதம். 1991 ஆம் ஆண்டு தொட்டு இத்தொகை உயரவில்லை. ஏனைய தொழிலாளர்க்குரிய குறைந்த கூலியோ 7 டொலர் 25 சதம். இடைவெளியை நிரப்புவது உண்டவரின் கொடையே; அது போதாதவிடத்துத்தான் முதலாளி எஞ்சியதைக் கொடுத்தல் வேண்டும். மாநிலங்கள் பல இதனினும் கூடிய கூலியை விதித்துள்ளன. எனினும் 15 முதல் 20 வீதம் கொடுக்கும் வழக்கம் அங்கே எங்கும் வேரூன்றிவிட்டது. கொடை கூலியின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் தொழிலாளியின் வாழ்வு வருவோர் போவோரின் மனநிலையிலே தொங்கும் என்பதற்கு இதுவே சான்று.

பிரான்சில் 1987 ஆம் ஆண்டு முதல் விலைப்பட்டியலிற் காணும் விலையிலேயே சேவைக்குரியதும் அடங்கியிருத்தல் வேண்டும். யப்பானிலே கொடுக்கும் வழக்கமே இல்லை. பிரித்தானியா 2023 ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றி, உண்டோர் கொடுத்த நன்றிக்கொடையையும் சேவைக் கட்டணத்தையும் முதலாளி பிடித்துக்கொள்ளாது தொழிலாளரிடையே நியாயமாகப் பங்கிடவேண்டும் என விதித்தது. 2024 ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதலாம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. நாட்டுக்கு நாடு கணக்கு வேறுபடுவதால், ஓரிடத்து வீதத்தை மற்றோரிடத்துக்குத் தூக்கிச் செல்லுதல் தகாது.

இனி நம் நாட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

முதலாவது, சிட்டையை முழுதும் வாசித்தல் வேண்டும். உணவின் விலை, சேவைக் கட்டணம், பெறுமதி சேர் வரி ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. வரி அரசுக்குரியது, 2024 சனவரியில் அது 18 வீதமாக உயர்த்தப்பட்டது. வரியையுஞ் சேர்த்த தொகையின்மேல் நன்றிக்கொடை கணக்கிட வேண்டியதில்லை. நம் நாட்டுப் பெரிய விடுதிகளில் 10 வீதச் சேவைக் கட்டணம் சிட்டையிலேயே சேர்க்கப்படுவது வழக்கம். நால்வர் உண்ட உணவின் விலை 8,000 ரூபா எனின் அக்கட்டணம் 800 ரூபா. அது தொழிலாளரைச் சேர்கின்றதாயின் நம் கடன் தீர்ந்தது. மேலும் கொடுப்பது நம் விருப்பம். சேர்கின்றதோ என்று முகாமையாளரிடம் பணிவாகக் கேட்பதில் இழுக்கு ஒன்றுமில்லை.

இரண்டாவது, சேவைக் கட்டணம் சேர்க்காத கடையில் அதே 10 வீதத்தை நாமே கணக்கிடலாம். 2,400 ரூபாவுக்கு உண்டால் 240 ரூபா. அதனை 250 ஆக நிரப்பிக் கொடுத்தல் எளிது. விலைக்கழிவு பெற்றிருப்பின் கழிக்குமுன் இருந்த விலையையே கொள்க. கழிவு தந்தவர் கடைக்காரர். பரிமாறியவரின் வேலை அதனாற் குறையவில்லை. நாமே எடுத்து உண்ணும் விருந்தில் இதன் பாதி போதும்.

மூன்றாவது, மலிவான கடையில் வீதக் கணக்கு நம்மை ஏமாற்றும். சைவக் கடையில் மதிய வேளையில் பரிமாறுபவரைப் பாருங்கள். பத்து மேசைகளுக்கு ஒருவர். இலை போடுவதும், சோறும் கறியும் கேட்குந்தோறும் கொணர்வதும், சொதி, இரசம் என அழைப்பவர் பக்கம் எல்லாம் ஓடுவதும் அவரே. தட்டில் வைத்த வடைகளுள் நாம் உண்டவை எத்தனை என்று பிழையின்றிக் கணக்குச் சொல்பவரும் அவரே. 5,000 ரூபா உணவைக் கொண்டுவருபவர் நடக்கும் தூரமும் 500 ரூபா உணவைக் கொண்டுவருபவர் நடக்கும் தூரமும் ஒன்றே. ஆயினும் வீதக் கணக்குப்படி முன்னையவர்க்கு 500 ரூபாவும் பின்னையவர்க்கு 50 ரூபாவும் கிடைக்கும். ஆதலின் அமர்ந்து உண்டால் 100 ரூபாவுக்குக் குறையாது கொடுப்பது என்று ஓர் எல்லை வைத்துக்கொள்ளல் நன்று.

நான்காவது, பிழை யாருடையது என்று தெளிதல் வேண்டும். கறியில் உப்பு மிகுந்ததற்கும் சமையற்கட்டிலே தாமதம் நேர்ந்ததற்கும் பரிமாறியவரைத் தண்டித்தல் நீதியன்று. குறையை முகாமையாளரிடம் சொல்லுக. கொடையைக் குறைத்து மௌனமாக எழுந்தால் குறையும் திருந்தாது, குற்றமற்றவரும் நோவார்.

தொகையினும் பெரிது கொடுக்கும் முறை. பெருஞ்சித்திரனார் என்னும் புலவர் அதியமானிடம் சென்றபோது, அவன் அவரைக் காணாமலே பரிசில் கொடுத்தனுப்பினான். அதனை ஏற்க அவர் மறுத்த செய்தியைப் புறநானூறு கூறும். வறுமையுற்ற புலவரே முகம் பாராத கொடையை வேண்டாதபோது, நாள் முழுதும் உழைப்பவர் அதனை எவ்வாறு விரும்புவார்? விரல் சொடுக்கி அழைத்துவிட்டு இறுதியில் எறியும் ஆயிரம் ரூபா, “தம்பி, நன்றாகக் கவனித்தீர்” என்ற சொல்லோடு கையிற் கொடுக்கும் நூறு ரூபாவுக்கு ஈடாகாது. அட்டை மூலம் விலை செலுத்துவோரும் நன்றிக்கொடையைக் காசாகவே கொடுத்தல் நன்று.

இறுதியாக நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். என்னிடம் தமிழ் கற்ற பிள்ளைகளுள் இருவர் இன்று விடுதிகளிற் பரிமாறுகின்றனர். இக்கல்லூரியின் பதிவேட்டில் மருத்துவர், பொறியியலாளர் பெயர்களோடு அவர்கள் பெயரும் உண்டு. பழைய மாணவர் விருந்துகள் உரைகளாலும் பாட்டுகளாலும் நள்ளிரவு வரை நீளுவன. கடைசிப் பேருந்தும் போனபின் மேசை துடைப்போர் அவர்களைப் போன்றோரே. ஆதலின் விருந்துக்கு விலை பேசும்போதே, சேவைக் கட்டணம் அதனுள் அடங்குமா, அது தொழிலாளரைச் சேருமா என்னும் இரண்டையும் செயலாளர் கேட்டறிதல் வேண்டும். அடங்காதாயின், நுழைவுச் சீட்டின் விலையிலே 10 வீதத்தைக் கூட்டி, விருந்து முடிந்ததும் அவர்கள் கையிலே நேரே கொடுத்தல் வேண்டும். இவ்யூபிலி விருந்திலிருந்தே இதனைத் தொடங்குவோமாக.