லைன் எங்கே அறுந்தது?

ஜொகூரின் ஸ்கூடாயில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வானம் இருண்டால், தாமான் வீடுகளில் இரண்டு வேலை நடக்கும். கொடியில் காயும் துணியை எடுப்பார்கள். மோடத்தின் பிளக்கைப் பிடுங்குவார்கள். இரண்டாவது பழக்கம் ஸ்ட்ரீமிக்ஸ் இணையச் சேவையின் காலத்தில் ஒட்டிக்கொண்டது. அப்போது இணையம் செம்புக் கம்பியில், டெலிபோன் லைனோடு சேர்ந்து வந்தது. எங்கோ விழுந்த இடி அந்தக் கம்பி வழியே ஓடிவந்து மோடத்தைக் கருக்கிவிடும். 2010 மார்ச்சில் யூனிஃபை சேவை அறிமுகமாகி, மெல்ல மெல்ல நம் வீடுகளுக்கும் ஃபைபர் வந்தது. இப்போது உள்ளே வருவது கண்ணாடி இழை. அதில் மின்சாரம் ஓடாது. ஆனாலும் பிளக்கைப் பிடுங்குவது நல்லதுதான். கரன்ட் வருகிற கம்பி இன்னும் செம்புதானே.

மழை விட்டு, பிளக்கை மறுபடி மாட்டிய பிறகுதான் எனக்கு போன் வரும். "தம்பி, லைன் இல்லப்பா. பையனுக்கு ஏதோ அனுப்பணுமாம், கொஞ்சம் வந்து பாரேன்" என்பார் எதிர்வீட்டு அக்கா. எங்கள் வரிசையில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று பெயர் எடுத்துவிட்டதால் தப்ப வழியில்லை. நான் போவதற்குள் அக்கா மோடத்தைப் பல தடவை ஆஃப் செய்து ஆன் செய்திருப்பார். தப்பான வைத்தியம் என்று சொல்லமாட்டேன், பல நேரம் கேட்கத்தான் செய்கிறது. கேட்காதபோதுதான் சிக்கல். நோய் எந்த இடத்தில் என்று பார்க்கும் பழக்கமே நமக்கு வராமல் போய்விட்டது.

முதலில் பார்க்க வேண்டியது சுவரில் ஃபைபர் வந்து சேரும் சின்னப் பெட்டியை. அதில் எல்.ஓ.எஸ். என்று ஒரு விளக்கு இருக்கும். எல்லாம் சரியாக இருந்தால் அது அணைந்தே கிடக்கும். சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ, வெளியிலிருந்து வர வேண்டிய ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். தெருவில் மரக்கிளை முறிந்து கேபிளை இழுத்திருக்கலாம். வீட்டுக்குள்ளேயே அலமாரியை நகர்த்தும்போது அந்த மெல்லிய வயரை யாராவது நறுக்கென்று மடக்கியிருக்கலாம். அப்படி மடங்கிய இடத்தில் ஒளி கசிந்து போய்விடும். இந்த விளக்கு சிவப்பாக இருக்கும்வரை எத்தனை ரீஸ்டார்ட் செய்தாலும் வீண். சேவை மையத்தைக் கூப்பிட்டு "லைன் இல்லை" என்று சொல்லாமல் "எல்.ஓ.எஸ். சிவப்பாக எரிகிறது" என்று சொல்லிப் பாருங்கள். மறுமுனையில் இருப்பவர் ரீஸ்டார்ட் பல்லவியைப் பாதியிலேயே விட்டுவிட்டு விஷயத்துக்கு வந்துவிடுவார்.

அது சரியாக இருந்தால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "வைஃபை ஃபுல்லா காட்டுதே, அப்புறம் ஏன் வீடியோ ஓடல?" கைப்பேசியின் மூலையில் தெரியும் அந்த வளைகோடுகளுக்கு உங்கள் போனுக்கும் ரவுட்டருக்கும் இடையில் உள்ள சில அடி தூரம்தான் தெரியும். ரவுட்டருக்கு அந்தப் பக்கம் உலகம் இருக்கிறதா இல்லையா என்பது அவற்றுக்குத் தெரியாது. தண்ணீர் வெட்டு நாளில் குழாய் பளபளவென்றுதான் இருக்கும். திறந்தால் காற்றுதான் வரும்.

கணினி தரும் இன்னொரு குறிப்பும் உண்டு. ரவுட்டர், வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்ணை முகவரியாகக் கொடுக்கிறது. பெரும்பாலும் அது 192.168 என்று தொடங்கும். மடிக்கணினியின் செட்டிங்ஸில் அதற்குப் பதிலாக 169.254 என்று தொடங்கும் எண்ணைக் கண்டால், முகவரி கேட்டுக் கிடைக்காமல் கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டுவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். ரீஸ்டார்ட் வைத்தியம் பெரும்பாலும் பலிக்கும் இடம் இதுதான். 192.168 எண்கள் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும். உங்கள் வீட்டிலும் அடுத்த வீட்டிலும் அதே எண் இருந்தாலும் சண்டை வராது. வெளியே போகும்போது வீட்டிலுள்ள எல்லாரும் ரவுட்டரின் ஒரே முகவரியில்தான் போகிறார்கள். பழைய முகவரி முறையில் மொத்தம் ஏறத்தாழ 430 கோடி எண்கள்தான். உலகில் மனிதர்களே 800 கோடிப் பேர். அதற்காகச் செய்த ஒட்டுவேலை இது.

இணையத் தளங்களுக்கும் இப்படி எண்தான் முகவரி. ஆனால் எண்களை யார் நினைவில் வைத்துக்கொள்வது? நாம் பெயரைத் தட்டுகிறோம். அந்தப் பெயருக்குரிய எண்ணைத் தேடித் தரும் ஏற்பாட்டுக்கு டி.என்.எஸ். என்று பெயர், 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்தது. அதற்கு முன் எல்லாப் பெயர்களும் ஒரே கோப்பில், கலிபோர்னியாவில் ஓர் ஆய்வு நிலையத்தில் கிடந்தன. பெயர் தேடும் இந்த இடம் அறுந்தால் விளக்குகள் பச்சையாக இருக்கும், வைஃபை முழுதாக இருக்கும், ஒன்றும் திறக்காது. சோதிப்பது எளிது: கணினியின் கட்டளைச் சாளரத்தில் (Command Prompt) ping 1.1.1.1 என்று தட்டுங்கள். அதற்குப் பதில் வந்து, பிரவுசரில் பெயர் போட்ட பக்கம் எதுவும் வராவிட்டால், குற்றவாளி அகப்பட்டான்.

இதே இடம் உலகளவில் அறுந்த நாளும் உண்டு: 2021 அக்டோபர் 4, நம் ஊரில் நள்ளிரவு நெருங்கும் நேரம். ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒன்றாகப் படுத்துவிட்டன. அந்த நிறுவனத்தில் பராமரிப்புக்காகக் கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய தரவு மையங்களின் தொடர்பைத் துண்டிக்க, பெயர்ச் சர்வர்களுக்குப் போகும் வழியும் இணையத்திலிருந்து மறைந்துபோனது. சுமார் ஆறு மணி நேரம். அந்த இரவில் எத்தனை வீட்டில் ஒரு பாவமும் அறியாத மோடம் பிளக் பிடுங்கப்பட்டதோ.

அதைவிட நமக்கு நெருக்கமான கதை 2024 செப்டம்பரில் நடந்தது. மலேசியாவில் சில தளங்களை முடக்குவது பெரும்பாலும் டி.என்.எஸ். வழியாகத்தான்: இணையச் சேவை நிறுவனத்தின் பெயர்ச் சர்வர் சரியான எண்ணைத் தராது, அவ்வளவுதான். கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 போன்ற வெளிச் சர்வர்களிடம் கேட்டால் உண்மையான எண் கிடைத்துவிடும். விவரம் தெரிந்த இளையர்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம், அப்படி வெளியே போகும் கேள்விகளையும் மடக்கி உள்நாட்டு நிறுவனங்களின் சர்வருக்கே திருப்பிவிடச் சொன்னது. செப்டம்பர் 30-க்குள் முடிக்க வேண்டும் என்று கெடுவும் இருந்தது. சூதாட்டம், ஆபாசம் போன்ற தீங்கான தளங்களிலிருந்து மக்களைக் காக்கவே என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியது. செப்டம்பர் 8-ஆம் தேதி அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அதைத் தொடர வேண்டாம் என்று ஆணையத்திடம் சொல்லிவிட்டதாக அறிவித்தார். சூதாட்டத் தளத்தை மூடுவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நான் ஒருவரிடம் கேட்டதற்கு, அவர் பெயரில் இன்னொருவர் பதில் சொல்வது வேறு விஷயம். இதில் கவலைப்பட என்ன இருக்கிறது என்று அப்போது தாமானில் பலருக்குப் புரியவில்லை. பெயருக்கு எண் தேடும் ஒரு படி நடுவில் இருப்பதே தெரியாதவருக்கு எப்படிப் புரியும்?

இத்தனையும் சரியாக இருந்து ஒரே ஒரு தளம் மட்டும் வரவில்லை என்றால், வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டாட்டாவில் பாருங்கள். அங்கும் வராவிட்டால் கோளாறு அநேகமாக அவர்கள் பக்கம். அந்தத் தளம் வானத்து மேகத்தில் ஒன்றும் இல்லை. எங்கோ ஒரு தரவு மையக் கட்டடத்தில், ஏர்கான் குளிரில் இருக்கிறது. அது நம் ஜொகூரின் கூலாயிலேயே இருக்கலாம். சிங்கப்பூர் 2019-இல் புதிய தரவு மையங்களை நிறுத்திவைத்தபோது நிறுவனங்களின் கண் ஜொகூர் பக்கம் திரும்பியது. கூலாய் யங் எஸ்டேட் என்ற செம்பனைத் தோட்டத்தை ஒய்.டி.எல். வாங்கி, அங்கே தரவு மையப் பூங்கா எழுப்பியிருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் கணினி படித்து அதே மண்ணுக்கு வேலைக்குத் திரும்பலாம். சம்பளம் எப்படியோ, அட்டை கடிக்காது.

மீதமிருப்பது "லைன் இருக்கு, ஆனா ஸ்லோ" என்ற புகார். அக்கா வீட்டில் அதுதான் உண்மையான நோய். ரவுட்டரைப் பெரிய மீன் தொட்டிக்குப் பின்னால், கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருந்தார்கள். தண்ணீர் வைஃபை அலையை விழுங்கிவிடும். மேல்மாடியில் பையன் அறைக்குப் போகும் வழியில் தொட்டி, செங்கல் சுவர், கான்கிரீட் தளம் எல்லாம் வரிசை கட்டி நின்றன. பையனோ பட்டியலில் 5ஜி என்று முடியும் வைஃபை பெயரைப் பார்த்ததும் அதுதான் வேகம் என்று பிடித்துக்கொண்டிருந்தான். கைப்பேசிக் கோபுரத்து 5ஜிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அது 5 கிகாஹெர்ட்ஸ் அலை: பக்கத்தில் இருந்தால் வேகம், சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். மாடி அறைக்குப் பழைய 2.4 தேவலை.

இதற்கிடையில் வாசலுக்கு வந்த விற்பனைப் பையன் 100 எம்.பி.பி.எஸ். போதாது, 300-க்கு மாறுங்கள் என்று பாரத்தையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். 100 எம்.பி.பி.எஸ். என்பது பிட் கணக்கு. எட்டால் வகுத்தால் வினாடிக்கு 12.5 மெகாபைட். ஒரு ஜி.பி. படம் ஒன்றரை நிமிடத்துக்குள் இறங்கிவிடும் வேகம் அது, மீன் தொட்டி குறுக்கே நிற்காவிட்டால். ரவுட்டரைத் தூக்கி மாடிப்படி ஓரத்து அலமாரியின் உச்சியில் வைத்தோம். அழகாக இல்லை என்று அக்காவுக்குக் குறை. பாரம் இன்னும் கையெழுத்துப் போடாமல் ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது.