புராணத்துக்குக் காவலர் வேண்டாம்

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்திலிருந்து செங்கம் சாலை வழியாகப் பெரிய கோயிலுக்குப் போகிறவர்களில் யாரை நிறுத்தி அருணகிரிநாதர் கதையைக் கேட்டாலும் அநேகமாக ஒரே கதைதான் வரும். இளமையில் தாசி வீடே கதியென்று கிடந்தார், சொத்தைத் தொலைத்தார், தொழுநோய் கண்டது, தமக்கையின் சொல் சுட்டது, வல்லாள கோபுரத்தில் ஏறிக் குதித்தார், முருகன் தாங்கிக்கொண்டான். சொல்பவர் கொஞ்சம் வயதானவர் என்றால் அவர் மனதில் நிற்கும் முகம் டி.எம்.சௌந்தரராஜனுடையதாக இருக்கும். டி.ஆர்.ராமண்ணா இயக்கிய ‘அருணகிரிநாதர்’ 1964இல் வந்த படம். இத்தனை ஆண்டில் அது தலபுராணத்தின் இடத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டது. கோடிகளைக் கொட்டிப் புராணப் படங்கள் மறுபடி எடுக்கப்படும் இந்தக் காலத்தில், ‘புராணத்தைச் சிதைக்கிறார்கள், தடுக்க ஆள் வேண்டும்’ என்று ஒரு குரல் ஓங்கி ஒலிக்கிறது. அந்தக் குரலோடு நமக்கு உடன்பாடில்லை.

அருணகிரியாரைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். அவர் பாட்டிலேயே பிரபுடதேவராயன் பெயர் வருவதால், விஜயநகரத்து இரண்டாம் தேவராயன் காலத்தவர், அதாவது 15ஆம் நூற்றாண்டினர் என்று கொள்கிறார்கள். மற்றவை வாய்வழி வந்தவை. கணிகையின் மகன் என்பது ஒரு வழக்கு. பட்டினத்தாரின் மகன் என்றும் ஒரு கதை உண்டு. சம்பந்தாண்டானோடு எழுந்த போட்டியில் முருகனைத் தூணிலிருந்து வரவழைத்தார் என்பதற்குக் கம்பத்திளையனார் சன்னதி சாட்சி. மன்னனின் கண்ணுக்காகப் பாரிசாத மலர் தேடிக் கிளியுடலில் புகுந்து போன நேரத்தில், விட்டுச் சென்ற உடலை எதிரிகள் எரித்துவிட, கிளியாகவே நின்றுவிட்டார் என்பதற்குக் கிளி கோபுரம் சாட்சி. இத்தனை கிளைக் கதைகளில் தமக்கை கதையும் கோபுரக் கதையும் மற்றவற்றை அமுக்கிவிட்டன என்றால் அதில் படத்துக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வ.த.சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராக ஏடு தேடித் திருப்புகழைத் திரட்டி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சேற்றத் தொடங்கினார். இன்று 1,300க்கு மேற்பட்ட பாடல்கள் கையில் இருப்பதற்கு அந்த உழைப்பே அடிப்படை. அவற்றில் முதல் பாட்டு, பாடசாலைப் பக்கமே போகாதவர் வாயிலும் சந்தம் பிசகாமல் வருகிறதென்றால், அது சௌந்தரராஜன் மூச்சைப் பிடித்துப் பாடியதன் பலன். ஏட்டைக் காத்தவர் ஒருவர், பாட்டைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் இன்னொருவர். இரண்டாமவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நன்றி கெட்ட செயல்.

கதையை மாற்றுவதே பாவம் என்பவர்கள் நந்தனாரை நினைத்துப் பார்க்கட்டும். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் திருநாளைப்போவாரைத் தடுக்கும் பண்ணையார் எவரும் இல்லை. தில்லைக்குப் போக விடைகேட்டுக் கெஞ்சும் நந்தனையும், நாற்று நட்டு அறுத்துவிட்டுப் போ என்று விரட்டும் வேதியரையும் 19ஆம் நூற்றாண்டில் தம் கீர்த்தனைக்குள் படைத்துச் சேர்த்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். 1935இல் கே.பி.சுந்தராம்பாளும் 1942இல் ஜெமினியின் தயாரிப்பில் தண்டபாணி தேசிகரும் நந்தனாராகத் திரையில் வந்தபோது, படங்கள் பின்பற்றியது பாரதியாரையே. மூலத்துக்கு மாறானது என்று அந்த வேதியரை வெட்டியெறிந்தால் மிஞ்சுவது என்ன? பண்ணையடிமை முறையின் முகம் மறைந்து, தீயில் மூழ்கி எழும் அற்புதம் மட்டும் மிஞ்சும். காவிரிப் படுகையில் வயலுக்கும் உழைப்பவனுக்கும் நடுவே நின்ற அதிகாரத்தை மூலநூல் சொல்லாமல் விட்டது. பிற்காலத்துக் கற்பனை சொன்னது. (அந்தப் படங்களும் தீக்குளிப்பை விட முடியவில்லை என்பது வேறு விஷயம், அதற்காக அவற்றைக் கடுமையாகவே விமர்சிக்கலாம்.) பின்னாளில் ரமணரான சிறுவன் வேங்கடராமனை மதுரையில் உலுக்கிய புத்தகமும் இதே பெரியபுராணம்தான். 1896 செப்டம்பர் 1 அன்று அவன் அண்ணாமலைக்கு வந்து சேர்ந்ததற்கு அந்த வாசிப்பும் ஒரு தூண்டுதல். நந்தனாரைப் படத்தில் பார்த்தவர்கள் யாரும் அந்த நூலை இழந்துவிடவில்லை.

அப்படியென்றால் எந்தப் படமும் நல்ல படமா? இல்லை. நம் அளவுகோல் வேறு: மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்காதீர்கள், கதைக்குள் இருக்கும் வழக்கு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஏ.பி.நாகராஜனின் ‘திருவிளையாடல்’ (1965) பரஞ்சோதியாரின் 64 படலங்களில் சிலவற்றை எடுத்துக்கொண்டது; அவற்றில் சேராத தக்கன் கதையையும் இணைத்துக்கொண்டது; திருமணத்துக்குப் பொருள் தேடிய தருமியை நாகேஷின் கைக்கு மாற்றி வயிற்றுப்பாட்டுக்கு அலையும் புலவனாக்கியது. ஆனாலும் சபை நடுவே சிவனிடமே குற்றம் குற்றமே என்று நிற்கும் நக்கீரர் அங்கே குறையாமல் இருக்கிறார். அந்த வேடத்தை இயக்குநரே ஏற்றிருந்தார். கடவுளாகவே இருந்தாலும் பாட்டில் பிழை பிழைதான் என்ற வாதத்தைப் படம் முழுப் பலத்தோடு பேச விட்டது. அடுத்து 2023இல் வந்த ‘ஆதிபுருஷ்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அனுமன் பேசிய சில வசனங்கள் கொச்சை என்று எதிர்ப்பு கிளம்பியதும் அவற்றை மாற்றினார்கள். சீதையைப் பாரதத்தின் மகள் என்ற வசனத்துக்காகக் காட்மாண்டுவில் இந்திப் படங்களுக்கே தடை போட்டார்கள். ஆனால் படத்தின் உண்மையான குறை வசனத்தில் இல்லை. வாலியை மறைந்திருந்து கொன்றது சரியா, சீதை ஏன் தீப்புக வேண்டும் என்று நம் ஊர்த் திண்ணைகளும் பட்டிமன்றங்களும் நூற்றாண்டுகளாகச் சண்டை போட்டுவரும் கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. கணினி வரைந்த அரக்கர்கள் வந்து விழுந்துகொண்டே இருந்தார்கள். தணிக்கை அதிகாரி கொச்சை வசனத்தை வெட்டலாம், இல்லாத கேள்வியை உள்ளே வைக்க அவரால் ஆகாது.

‘நம்பிக்கை புண்படுகிறதே’ என்பது அடுத்த வாதம். புண்படுவது பொய்யல்ல. ஆனால் அதைச் சட்டமாக்கினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு ‘அன்னபூரணி’ அருகிலேயே இருக்கும் சாட்சி. ராமர் இறைச்சி உண்டார் என்று ஒரு பாத்திரம் சொன்னது உள்ளிட்ட காரணங்களுக்காக 2024 ஜனவரியில் அந்தப் படம் நெட்ஃபிளிக்ஸ் தளத்திலிருந்தே எடுக்கப்பட்டது. தயாரித்த நிறுவனம் மன்னிப்பும் கேட்டது. வான்மீகியின் வரிகளுக்குப் பொருள் என்ன என்று பண்டிதர்கள் நெடுங்காலமாக வாதிடும் ஒரு விஷயத்தைச் சில நாட்களில் புகார் மனு தீர்த்துவைத்துவிட்டது. அதே அளவுகோலைத் திருவண்ணாமலைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? வல்லாள கோபுரத்துக்குப் பெயர் தந்த ஹொய்சள மன்னன் மூன்றாம் வீர வல்லாளன், மதுரை சுல்தானின் படையிடம் பிடிபட்டு 1342-43 வாக்கில் கொல்லப்பட்டான். உரித்த தோலில் வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததைக் கண்டதாக இபின் பதூதா எழுதியிருக்கிறார். கோயில் மரபோ, பிள்ளையில்லாத அந்த மன்னனுக்கு அண்ணாமலையாரே மகனானார் என்கிறது. மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதிக் கரைக்கு எழுந்தருளி அவனுக்குத் திதி கொடுக்கிறார். ஒரு படம் வல்லாளனை எடுத்தால் எந்த முடிவைக் காட்ட வேண்டும், அதை எந்த அதிகாரி சொல்வது? இந்த ஊர் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டு பல நூறு ஆண்டுகளாகச் சங்கடமில்லாமல் இருக்கிறது.

எதிர்வாதங்களில் கனமானது ஒன்று மிச்சம். கூத்தோ கதாகாலட்சேபமோ ஒரு ஊருக்கு ஒரு கதையைச் சொல்லும். சினிமா ஒரே கதையைக் கோடிப் பேருக்குச் சொல்லி மற்றதை அழித்துவிடும் என்பது. இதில் உண்மை இருக்கிறது, அருணகிரியார் விஷயத்தில் நடந்ததும் அதுதான். ஆனால் இதற்கு மருந்து தடையல்ல என்பதற்கு ரமணாசிரமமே சான்று. 1938இல் இங்கே வந்து போன ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம், 1944இல் வெளியான ‘தி ரேசர்ஸ் எட்ஜ்’ நாவலில் ரமணரின் சாயலில் ஒரு துறவியைப் படைத்துத் திருவிதாங்கூரில் குடிவைத்தார். 1946இல் ஹாலிவுட் அந்தத் துறவியைத் தூக்கிக்கொண்டு போய் இமயமலையில் உட்கார வைத்தது. உலகெங்கும் எத்தனையோ பேர் பார்த்த படம் அது. அதனால் அண்ணாமலை ரமணருக்கு ஒரு குறையும் வரவில்லை. அவர் எழுதியவை அச்சில் இருந்தன, அவரோடு பேசியவர்களின் குறிப்பேடுகள் புத்தகமாயின, தமிழ்ப் பாராயணம் நிற்கவில்லை. படத்தைப் பார்த்துவிட்டுத் தேடி வந்தவருக்கு இங்கே எடுத்துக் கொடுக்க ஏதோ இருந்தது. அருணகிரியாரைத் தேடி வருகிறவருக்கு, வல்லாளனைத் தேடி வருகிறவருக்குப் பெரிய கோயில் வாசலில் என்ன இருக்கிறது?

இந்து சமய அறநிலையத் துறை யோசிக்க வேண்டிய இடம் இது. தீபத் திருவிழாவின் பத்து நாட்களில் இலட்சக்கணக்கானோர் கூடும் ஊரில், இந்த மாவட்டத்தில் வேரூன்றிய தெருக்கூத்துக்கு விடிய விடிய மேடை கொடுக்கலாம். செய்யாறு பக்கத்துப் புரிசை, கண்ணப்பத் தம்பிரானைத் தந்த ஊர்; திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் நாட்களில் கர்ணனுக்காக அழுகிற கூட்டம், 1964இல் வந்த ‘கர்ணன்’ படத்துக்கும் அழுத கூட்டம்தான். கூத்தின் கர்ணனும் சிவாஜியின் கர்ணனும் ஒரே ஆள் இல்லை என்பது இருவரையும் பார்த்தவர்களுக்குத் தெரியும். பள்ளிகளில் ‘நந்தனார்’ படத்தைப் போட்டுவிட்டு, மறுநாள் சேக்கிழாரின் பாடல்களை எடுத்து, வேதியர் எங்கே என்று பிள்ளைகளையே தேடச் சொல்லலாம். படங்களையும் காக்க வேண்டும். வேலூரில் பிறந்த ஆர்.நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ தென்னாட்டின் முதல் கதைப்படம்; அது ஒரு பிரதிகூட மிஞ்சாமல் போய்விட்டது. எஞ்சியிருக்கும் பழைய புராணப் படங்களைத் தேடித் திரட்டிப் புதுப்பிக்கும் வேலையை மாநில அரசு தன் பொறுப்பாக ஏற்று, அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்.