புதுக் கரியடுப்பு

கேகாலையை அடுத்த மொலகொடையில், கொழும்பு - கண்டி வீதியோரத்தில் மட்பாண்டக் கடைகள் பல உண்டு. 2022ஆம் ஆண்டில் சமையல் எரிவாயு கிடையாமற் போனபோது, மண்ணடுப்பை மறந்திருந்தோரும் அதனைத் தேடியலைந்தனர்.

புதிதாகக் கரியடுப்பு வாங்கும் சகோதரிகள் அன்றே அதில் கரியைக் குவித்து மூட்டலாகாது. சுட்ட மண்ணிலும் நுண்துளைகள் உண்டு. அவை உறிஞ்சிய ஈரம் திடீர்ச் சூட்டில் ஆவியாகி அடுப்பைப் பிளந்துவிடும். இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்த வேண்டும். (இரத்தினபுரியில் வெயிலுக்கு எங்கே போவது என்கிறீர்களா? காற்றோட்டமான நிழலில் இன்னும் சில நாள் கூடுதலாக வைத்திருங்கள்.) முதன்முறை ஒரு கைப்பிடி சிரட்டைக்கரி போதும், அடுப்பு தானாகவே ஆறட்டும். மண்ணெண்ணெய் ஊற்றினால் மண் அதனைக் குடித்துவிடும்; பிறகு வாட்டுகிற கருவாடெல்லாம் அதே நாற்றந்தான்.

றப்பர் விறகு புகைந்தால் கண் எரிகிறது, கதவைத் திறக்கிறோம். கரி அவ்வளவாகப் புகைவதில்லை, ஆதலால் அஞ்சுவாருமில்லை. ஆனால் அதிலெழும் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தலைவலியும் மயக்கமுமாகத் தொடங்கி, உறங்குவோரை எழாமலே செய்துவிடும். மழைக் குளிருக்காகத் தணலைக் காம்பராவுக்குள் வைத்துக் கதவடைத்துப் படுப்பது ஒருபோதும் கூடாது. சமையல் திறந்த இஸ்தோப்பிலே நடக்கட்டும். தணல் முற்றும் அவிந்த பின்பே அடுப்பு உள்ளே வரலாம்.