பாழ் என்று எழுதிய கை

அகராதியைப் புரட்டாமலே எழுதிவிடக்கூடிய சொற்கள் சில உண்டு. மொழிபெயர்ப்பாளனுக்கு ஆபத்து அவற்றில்தான். ‘வேஸ்ட்லேண்ட்’ அப்படி ஒரு சொல். இருபது வருடங்களாக எத்தனையோ அறிக்கைகளையும் கட்டுரைகளையும் தமிழாக்கியிருக்கிறேன். அந்தச் சொல் வந்த இடங்களில் எல்லாம் ‘பாழ்நிலம்’ என்றோ ‘தரிசு’ என்றோ போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். ஒரு தடவைகூடப் பேனா தயங்கியதில்லை.

ஜோத்பூர் போய் வந்த பிறகு தயங்குகிறது.

மேஹ்ரான்கர் கோட்டையைப் பார்க்காமல் அந்த ஊரிலிருந்து யாரும் திரும்புவதில்லை. 1459-ல் ராவ் ஜோதா கட்டத் தொடங்கிய கோட்டை. ஆனால் கோட்டையின் காலடியில் மதிலை ஒட்டிச் சுமார் 70 ஹெக்டேரில் கிடக்கும் பாறைக்காட்டுக்குள் நுழைகிறவர்கள் குறைவு. காடு என்று சொன்னதை நம்பிப் போனால் ஏமாற்றம்தான். நிழல் கிடையாது. எரிமலைக் குழம்பு இறுகி உண்டான, சுமார் 75 கோடி ஆண்டு வயதுள்ள பாறை. அதன் இடுக்குகளில் கள்ளிப் புதர்கள், முள் மரங்கள், காய்ந்த புல். உடன் வந்த உறவினர் சுற்றிலும் பார்த்துவிட்டு, “இதுக்கா டிக்கெட்?” என்றார்.

நியாயமான கேள்விதான். இருபது வருடங்களுக்கு முன் வந்திருந்தால் இதே இடம் இதைவிடப் பசுமையாக இருந்திருக்கும். அந்தப் பசுமையை அகற்றத்தான் அங்கே அத்தனை பாடுபட்டிருக்கிறார்கள்.

பசுமைக்குக் காரணம் நமக்குத் தெரிந்த ஆசாமி. சீமைக் கருவேலம். சில ஊர்களில் வேலிகாத்தான். மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மரம் 1877-ல் அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பை மாவட்டத்தில், கமலாபுரத்தில் ஊன்றப்பட்டது. விறகுப் பஞ்சத்துக்கு மருந்து என்று கொண்டுவந்தார்கள். 1930-களில் ஜோத்பூர் மகாராஜா உமைத் சிங்குக்கும் அதன் மேல் ஆசை வந்தது. விமானப் பிரியரான அவர், ஆகாயத்திலிருந்தே விதைகளைத் தூவினார் என்று இன்றும் சொல்கிறார்கள். பாலைவனத்தைப் பச்சையாக்குவது ராஜாவின் கனவு. 1940-ல் அதற்கு ராஜ மரம் என்ற அந்தஸ்தும் கிடைத்தது. (‘அரச மரம்’ என்று மொழிபெயர்த்திருந்தால் பிள்ளையார் கோபித்துக்கொண்டிருப்பார்.)

மக்கள் வைத்த பெயர்கள் வேறு. மார்வாரில் அது ‘பாவ்லியா’, அதாவது பைத்தியம். கட்ச் பகுதியில் ‘காண்டோ பாவள்’, பைத்தியக் கருவேலம். தில்லியில் ‘விலாயதி கீக்கர்’. விலாயதி என்றாலும் சீமை என்றாலும் ஒன்றே. ஒருவரையொருவர் கேட்காமலே தில்லிக்காரரும் ராமநாதபுரத்துக்காரரும் ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள்.

2006-ல் மேஹ்ரான்கர் அருங்காட்சியக அறக்கட்டளை, கோட்டையைச் சுற்றியிருக்கும் பாறைப் பரப்பைச் சீர்செய்து தரும்படி பிரதீப் கிருஷனைக் கேட்டுக்கொண்டது. ‘மாஸி சாஹிப்’ படத்தை இயக்கியவர். பிறகு மரங்களின் பக்கம் வந்து, தில்லியின் மரங்கள் பற்றிப் பெயர் பெற்ற புத்தகம் எழுதியவர். அவருக்கு முன் நின்ற பிரச்சினை எளிதில் சொல்லக்கூடியது, தீர்ப்பதற்குக் கடினமானது. சீமைக் கருவேலத்தை வெட்டினால் சாகாது. தரைக்குக் கீழே வேரின் தலைப்பகுதியில் மொட்டுகள் உறங்குகின்றன. வெட்ட வெட்ட, ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். சாகடிக்க வேண்டுமானால் சுமார் ஒன்றரை அடி ஆழம் வரை வேரைத் தோண்டி எடுக்க வேண்டும். மண்ணென்றால் தோண்டலாம். வேர் இறங்கியிருப்பதோ பாறைப் பிளவுக்குள்.

வழி காட்டியவர்கள் காண்ட்வாலியாக்கள். ஜோத்பூரைச் சுற்றியுள்ள மணற்கல் குவாரிகளில் சுத்தியலும் உளியும் கொண்டு கல் உடைக்கும் சமூகத்தினர். அவர்கள் முதலில் பாறையைத் தட்டிப் பார்ப்பார்கள். சத்தத்தை வைத்தே விரிசல் எந்தப் பக்கம் ஓடுகிறது, கல் எங்கே இளகும் என்று சொல்லிவிடுவார்கள். அப்புறம்தான் உளி. அப்படிக் குழி குழியாக வேரைக் கிள்ளி எடுத்தார்கள். ஒவ்வொரு குழியும் அடுத்த செடிக்கு வீடாயிற்று.

எந்தச் செடிக்கு என்பது அடுத்த கேள்வி. வேம்பும் புங்கமும் நாற்றங்காலில் கிடைக்கும். நட்டு, லாரித் தண்ணீர் ஊற்றி, படம் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். பலரும் செய்வது அதுதான். இவர்கள் தார் பாலைவனத்தின் மற்றப் பாறைப் பகுதிகளில் அலைந்து, கெடாத பாறையில் என்னென்ன முளைத்திருக்கிறது என்று பார்த்தார்கள். வருடத்துக்கு 360 மில்லிமீட்டர் அளவே மழை பெய்யும் ஊர் அது. அந்த மழைக்குப் பழகிய ‘தோர்’ என்ற கள்ளி, ‘குமட்’ என்ற முள் மரம், பெயர் தெரியாத புற்கள். இவற்றின் விதைகள் கடையில் கிடைக்காது. தேடிப் பொறுக்கி வந்து முளைக்கவைத்தார்கள். 2011-ல் பூங்கா பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

அன்று மதியம் ஜோத்பூர் உணவகத்தில் ‘பஞ்ச்கூட்டா’ சாப்பிட்டோம். ஐந்து பொருள் சேர்த்து வதக்கிய கறி. அதில் இருந்த குமட் விதையைக் காலையில்தான் மரத்தில் பார்த்திருந்தேன். சாங்ரி என்பது கேஜ்ரி மரத்தின் காய். கேஜ்ரி நம் வன்னி மரம்தான். விருத்தாசலம் கோயிலின் தலமரம். ஜோத்பூருக்கு அருகில் கேஜர்லி கிராமத்தில் 1730-ல் இந்த மரங்களை வெட்ட விடாமல் தடுத்து பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிர்விட்டதாக வரலாறு. வன்னிக்கும் சீமைக் கருவேலத்துக்கும் தாவர நூலார் நெருங்கிய உறவு சொல்கிறார்கள். ஆனால் வன்னியின் அடியில் கம்பு விளையும். சீமைக் கருவேலத்தின் அடியில் பெரும்பாலும் எதுவும் தலையெடுப்பதில்லை. “இதுக்கா டிக்கெட்?” என்று கேட்டவர் கறியை இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டார்.

எனக்குச் சாப்பாட்டில் கவனமில்லை. தமிழ் படித்தவர்களுக்குப் பாலை என்றதும் சிலப்பதிகாரம் நினைவுக்கு வரும். தொல்காப்பியம் நான்கு நிலங்களைச் சொல்லும்போது பாலைக்கென்று தனி நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் கோடையில் தம் இயல்பு கெட்டால் அதுவே பாலை என்பது இளங்கோவடிகள் தரும் விளக்கம். நம் மண்ணுக்கு அது பொருத்தமான இலக்கணம். நிலம் ‘கெடும்’, கெட்டால் வேறொன்றாகும் என்று அன்றே சொல்லிவைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த இலக்கணத்தையே நான் மார்வாருக்கும் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். அங்கே வறட்சி நோயல்ல, இயல்பு. கெட்டது பச்சை வந்த பிறகுதான்.

ஆங்கிலேயரின் வருவாய்த் துறைக்கும் இதே கோளாறு இருந்தது. வரி தரும் நிலம் நிலம், தராதது ‘வேஸ்ட்’. ஆடுமாடு மேய்ந்தாலும், விறகும் மூலிகையும் கிடைத்தாலும் கிஸ்தி வராவிட்டால் அது வீண். நம் கணக்கில் இருந்த புறம்போக்கும் இப்படித்தான் தேய்ந்து தேய்ந்து இன்று வசவுச் சொல்லாகிவிட்டது. சுதந்திர இந்தியாவும் சொல்லை மாற்றவில்லை. 1985-ல் தேசியத் தரிசு நில மேம்பாட்டு வாரியம் வந்தது. 2019-ல் வெளியான ‘வேஸ்ட்லேண்ட்’ வரைபடத் தொகுப்பு, நாட்டின் நிலப்பரப்பில் 16.96 சதவிகிதத்தை இந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறது. அதில் புதர்க்காடு உண்டு, மணல்வெளி உண்டு. இமயத்துப் பனிமூடிய பரப்பும் உண்டு. கங்கைக்கு நீர் தரும் பனியையும் பாழ் என்று எழுதும் பட்டியல் அது. அதையும் ஒரு சமயம் கண்ணை மூடிக்கொண்டு மொழிபெயர்த்தவன்தான் நான்.

சொல் தப்பானால் வைத்தியமும் தப்பாகும். குஜராத்தில் கட்ச் பகுதியின் பன்னி, சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் புல்வெளி. எருமையும் மாடும் வளர்க்கும் மால்தாரிகளின் பூமி. உவர்நிலம் பரவுவதைத் தடுக்க வேண்டும் என்று 1961-ல் வனத்துறை அங்கே சுமார் 31,500 ஹெக்டேரில் சீமைக் கருவேலத்தை வளர்க்க முனைந்தது. மாடுகள் காயைத் தின்று போகுமிடமெல்லாம் சாணத்தோடு விதைத்தன. புல் பின்வாங்கியது. இரவில் மேய்ந்து விடியலில் தானே வீடு திரும்பும் பன்னி எருமை 2010-ல் தனி இனமாக அங்கீகாரம் பெற்றது. அதற்குள் அதன் மேய்ச்சல் நிலத்தில் பெரும் பகுதியை முள் தின்றுவிட்டிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. அதே பன்னியில் இந்த மரத்தைச் சுட்டுக் கரி விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. ராமநாதபுரத்திலும் மூட்டம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பல ஏழை வீடுகளில் இன்னும் அதுதான் அடுப்பெரிக்கிறது. தமிழ்நாட்டில் விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போயிற்று. பொக்லைன் வந்து ஒரே நாளில் கண்மாயைத் துடைத்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த மழைக்கு மரம் திரும்பி வந்துவிடுகிறது. விறகுக்கு என்ன வழி, காலியான இடத்தில் எதைக் கொண்டுவருவது, அதை யார் காப்பது என்ற கேள்விகளுக்குப் பொக்லைனிடம் பதில் இல்லை. பிடுங்குவது பாதி வேலைதான். மீதிப் பாதிக்கு வருடக்கணக்கில் பொறுமை வேண்டும், உள்ளூர்க்காரர்களின் சம்மதமும் வேண்டும்.

2030-க்குள் 2 கோடியே 60 லட்சம் ஹெக்டேர் சீர்கெட்ட நிலத்தை மீட்பதாக இந்தியா 2019-ல் உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. நல்ல வாக்குதான். சுரங்கம் தோண்டிவிட்டுப் போன பள்ளங்களும், மண் அரித்துப்போன மலைச்சரிவுகளும் நம்மிடம் ஏராளம். அவற்றுக்கு வைத்தியம் வேண்டும். ஆனால் வாக்கைக் காப்பாற்றும் அவசரத்தில் மரக்கன்றுகளின் எண்ணிக்கை மட்டுமே கணக்கானால், உமைத் சிங்கின் விமானம் மறுபடியும் பறக்கத் தொடங்கிவிடும். இந்தத் தடவை புல்வெளிகளின் மேல்.

சென்ற மாதம் ஒரு கட்டுரை மொழிபெயர்ப்புக்கு வந்தது. மூன்றாவது பாராவிலேயே ‘வேஸ்ட்லேண்ட்’. பதிப்பாசிரியருக்குப் போன் செய்து, “இது எந்த ஊர்? நிலம் எப்படி இருக்கும்? அங்கே ஆடு மேய்கிறதா?” என்று கேட்டேன். மறுமுனையில் சற்று நேரம் மௌனம். “ஸார், ஒரு சொல்லுக்கா இவ்வளவு?” என்றார்.

ஒரு சொல்லுக்குத்தான். தமிழில் கரடு இருக்கிறது, முரம்பு இருக்கிறது, களர், உவர், தேரி, பொட்டல், மேய்ச்சல்காடு எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி மண், தனிப் புல், அதை நம்பி வாழும் தனி ஜனம். அவர் விசாரித்துவிட்டு மறுநாள் சொன்னார். ஆடு மேய்கிற இடம்தானாம். ‘மேய்ச்சல் நிலம்’ என்று எழுதி அனுப்பினேன்.